கல் சரிந்து நசுங்கின டோட்ஸ்டூல் லெதர்: வெட்டுவதா, விடுவதா?

நூல்கண்டு (திருப்பூர்)

வணக்கங்க. கடல்நீர் டேங்க் 200 லிட்டர். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) கிடையாது, பின்பக்கம் தொங்கும் ஸ்கிம்மர் (நுரை கட்டி அழுக்கை எடுக்கும் கருவி) மட்டும். ராத்திரியில் அர்ச்சின் அண்ணன் (முள்ளுருண்டை மாதிரி இருக்கும் கடல் பிராணி) தன் வேலையைக் காட்டிவிட்டார். காலையில் பார்த்தால் மேலே இருந்த லைவ் ராக் (உயிரிகள் ஒட்டிய கடல் கல்) சரிந்து, காளான் மாதிரி இருக்கும் மென்பவளமான டோட்ஸ்டூல் லெதரின் தொப்பி மேல் உட்கார்ந்திருக்கிறது. கல்லை எடுத்துவிட்டேன். தொப்பியின் பெரும்பகுதி சுருங்கி இருந்தாலும் நிறம் மாறவில்லை. கல் அழுத்தின ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகி, நுனி கருத்து, நூல் நூலாகப் பிரிகிறது. சிரிஞ்சில் தண்ணி பீச்சினால் பிசிறு பிசிறாகப் பறக்கிறது.

உப்பு (அடர்த்தி அளவில்) 1.027. மதியம் வெப்பம் 30.5. அமோனியா இல்லை, நைட்ரேட் 10, கேஎச் (காரத்தன்மை) 8. மீன் வாங்கின கடையில் கேட்டால் "அயோடின் ரெண்டு மூடி ஊத்துங்க, சரியாயிடும்" என்கிறார்கள். நண்பர் ஒருவர் பிளேடு எடுத்து வெட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அலைமகள் (உடுமலை)

தம்பி, பிளேடைக் கீழே வையுங்க. லெதர் சும்மாவே வாரக்கணக்கில் மூடிக்கொள்ளும். மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும், பிறகு அதை உரித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகத் திறக்கும். இது தெரியாமல் பயந்துபோய் வெட்டி, கடைசியில் மொத்தத்தையும் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். நல்ல ஃப்ளோ (நீரோட்டம்) கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்க.

சிங்காநல்லூர் சம்ப் (கோவை)

அக்கா சொல்வது மூடிக்கிடக்கும் லெதருக்குச் சரி. இவர் நூலாகப் பிரிகிறது என்கிறாரே, அது வேறு சங்கதி.

நூல்கண்டு, மூன்று விஷயம் சொல்லுங்க. கருத்த இடத்தை விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று போகிறதா? அந்தப் பிசிறை எடுத்து மோந்தால் அழுகின முட்டை வாடை வருகிறதா? நேற்றைக்கும் இன்றைக்கும் கருப்பின் எல்லை நகர்ந்திருக்கிறதா? கையுறை போட்டுத் தொடுங்க. லெதர் விடும் ரசாயனம் சிலருக்கு அரிப்பெடுக்கும்.

நூல்கண்டு (திருப்பூர்)

கொழகொழதான் அண்ணா. வாடை குமட்டுகிறது. எல்லை நகர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் காலையில் எடுத்த போட்டோவில் இவ்வளவு கருப்பு இல்லை.

ப்ளூலைட் (ஈரோடு)

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? தூக்கிப் போட்டுட்டு நல்ல ஆக்ரோபோரா கடினப் பவளம் வையுங்க. ராமேஸ்வரம் பக்கம் ஆள் இருக்கு, பஸ் பார்சலில் வந்துடும். வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.

மட்டுறுத்துநர்

மேலே உள்ள மாதிரிப் பேச்சு இங்கே வேண்டாம். புதியவர்களுக்காக ஒரே ஒரு முறை: பாறை கட்டும் கடினப் பவளம் மொத்தமும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப், கடல் விசிறி எல்லாமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்ததே இதையெல்லாம் காப்பாற்றத்தான். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலுக்குள் வளர்த்து வருகிறார்கள். அங்கே ஒருத்தர் நட, இங்கே ஒருத்தர் பிடுங்கி பஸ்ஸில் ஏற்றுவதா? லெதர், சோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்பவளம் பற்றி மட்டும் பேசுவோம். அதற்கும் பில் வாங்கி வையுங்க. ப்ளூலைட்டின் தொடர்பு எண்ணை நீக்கிவிட்டேன்.

சிங்காநல்லூர் சம்ப் (கோவை)

சரி, விஷயத்துக்கு வருவோம். கொழகொழ, வாடை, நூல் பிரிவது மூன்றும் இருந்தால் அந்தச் சதை செத்துவிட்டது. செத்த சதை தானாக உயிர் பெறாது. அது அழுகும்போது பாக்டீரியா பக்கத்துச் சதைக்கும் போகும், தண்ணியில் அமோனியாவும் ஏறும். ஆகவே வெட்டத்தான் வேண்டும், அதுவும் இன்றைக்கே. ஆனால் டேங்குக்குள் கையை விட்டு வெட்டாதீங்க.

டேங்க் தண்ணியிலேயே ஒரு வாளி பிடியுங்க. லெதரை அதன் கல்லோடு எடுத்து அதற்குள் வையுங்க. புது பிளேடு, ஷேவிங் பிளேடு போதும், அதன் மேல் தடவியிருக்கும் எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்க. கருப்பு முடியும் கோட்டில் வெட்டினால் பாதி வேலைதான் ஆகும். கோட்டைத் தாண்டி நல்ல சதைக்குள் ஒரு சென்டிமீட்டர் போய் வெட்டுங்க. வெட்டும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீங்க. மென்பவளத்துக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எலும்புக்குப் பதில் அதுதான் அதைத் தாங்குகிறது. பிளேடு அவற்றை அறுக்கும் சத்தம் அது. நல்ல சதையில் மட்டும்தான் அந்த நறநற வரும். அழுகின சதையில் பிளேடு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே காதையும் வைத்துக்கொண்டு வெட்டுங்க.

அப்புறம் அயோடின். கடைக்காரர் சொன்னபடி டேங்கில் ரெண்டு மூடி ஊற்றினால் இறாலும் நத்தையும்தான் போகும். கடல் நீரில் இயற்கையாக இருக்கும் அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான். அளந்து பார்க்கக் கிட் இல்லாமல் டேங்கில் அதை ஊற்றவே கூடாது. தனிப் பாத்திரத்தில் டேங்க் தண்ணி ஒரு லிட்டர் எடுத்து, 5 சதவீத லூகோல்ஸ் அயோடின் கரைசல் 5 முதல் 10 சொட்டு விட்டு, வெட்டின பவளத்தைப் பத்து நிமிஷம் அதில் வையுங்க. தண்ணி வரக்காப்பி நிறத்துக்குப் போனால் அதிகம், வெளுத்த டீத்தண்ணி நிறம் போதும். எடுத்து, வேறு உப்புத்தண்ணியில் அலசி, டேங்கில் வைக்க வேண்டியதுதான். அந்த அயோடின் தண்ணி டேங்குக்குள் போகவே கூடாது.

திரும்ப வைக்கும் இடம் முக்கியம். வேவ்மேக்கர் (அலை கிளப்பும் மோட்டார்) நேராக அறையாமல், ஆனால் மேற்பரப்பில் ஒரு தூசு கூடத் தங்காத அளவுக்கு ஓட்டம் இருக்கும் இடமாகப் பாருங்க. பக்கத்தில் வேறு பவளம் வேண்டாம். காயம்பட்ட லெதர் டெர்பீன் வகை விஷத்தைத் தண்ணியில் விடும், அதற்காக ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பையில் போட்டு ஓட விடுங்க, சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்க.

அலைமகள் (உடுமலை)

வாடை அடிக்கிறது என்று இப்போதுதானே சொல்கிறார். முதல் பதிவில் அது இல்லை. வாடை இருந்தால் வெட்டட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிற அடுத்தவர், லெதர் மூடினவுடனே பிளேடைத் தூக்கிவிடப் போகிறார். பளபளவென்று படலம் கட்டி, தொட்டால் கெட்டியாக இருந்து, வாடையும் இல்லையென்றால் அது காயமே இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். அந்த அறையில் கொசு லிக்விட் போடுகிறீர்களா?

நூல்கண்டு (திருப்பூர்)

ஆமாங்க அக்கா, ராத்திரி மட்டும். நொய்யல் பக்கம் வீடு, போடாமல் தூங்க முடியாது.

அலைமகள் (உடுமலை)

லிக்விட், காயில் இரண்டிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மீனுக்கும் இறாலுக்கும் அது கடும் விஷம். உங்கள் ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித்தான் நுரை கட்டுகிறது, ராத்திரி முழுக்க அந்த மருந்தை நீங்களே தண்ணியில் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொசுவலை கட்டுங்க. சாம்பிராணியும் வேறு அறையில்.

அடையாறு உப்பு (சென்னை)

எல்லாரும் பிளேடு, அயோடின் என்று பேசுகிறீர்கள். 30.5 டிகிரியில் எந்தக் காயம் ஆறும்? சில்லர் (தண்ணியைக் குளிர்விக்கும் கருவி) வாங்காமல் பவள டேங்க் வைப்பதே தப்பு. ஃபேன் வைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், வைத்துப் பார்த்தாயிற்று, அரை டிகிரி கூட இறங்காது.

ஸ்பின்னிங் மாஸ்டர் (பல்லடம்)

அடையாறு சார், உங்கள் ஊரில் இறங்காது. எங்கள் ஊரில் இறங்கும். காரணம் சொல்கிறேன், மில்லில் ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட் (காற்றில் ஈரம் ஏற்றும் நிலையம்) ஓட்டுகிறவன் என்பதால் இது எனக்குத் தினப்படி வேலை.

ஃபேன் தண்ணியைக் குளிர்விப்பதில்லை. தண்ணியை ஆவியாக்குகிறது, ஆவியாகும் தண்ணி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் போகும். 200 லிட்டர் டேங்கில், வெளிச்சூடு உள்ளே வராத கணக்குக்கு, அது 3 டிகிரி. ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் இருந்தால் தண்ணி ஆவியாகவே மறுக்கும். ஈரக்குமிழ் வெப்பம் என்று ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள், அந்த எல்லையே 30 டிகிரிக்குப் பக்கம். பல்லடத்தில் சித்திரை வெயில் 38 டிகிரி அடிக்கும்போது ஈரப்பதம் 30 சதவீதம்தான், எல்லை 24க்குப் பக்கம் வந்துவிடுகிறது. வெயில் இங்கேதான் அதிகம், ஃபேனுக்கு வேலையும் இங்கேதான் அதிகம். நடைமுறையில் 2, 3 டிகிரி தாராளமாக இறங்கும்.

நூல்கண்டு, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, சின்ன ஃபேன் இரண்டு தண்ணி மட்டத்தைச் சாய்வாக வருடிக்கொண்டு போகிற மாதிரி மாட்டுங்க. மீன் குதிக்காமல் இருக்க வலை போடுங்க. அறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறையே சென்னையாகிவிடும்.

இதற்குக் கொடுக்கிற விலை ஒன்று இருக்கிறது. தண்ணி போகும், உப்பு போகாது. ஒரு நாளில் 4 லிட்டர் ஆவியானால் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 35.7க்கு ஏறிவிடும். உங்கள் 1.027க்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். காலை மாலை ஆர்ஓ தண்ணி ஊற்றி மட்டத்தைச் சரி செய்யுங்க. உப்புத்தண்ணி ஊற்றாதீங்க.

கறிவேப்பிலை (கோபி)

நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணுங்க. நான் இப்போதுதான் கடல் டேங்க் போட ஆசைப்படுகிறேன். ஆர்ஓ எதுக்கு, எங்கள் வீட்டுப் போர் தண்ணி இனிப்பாகத்தான் இருக்கிறது. உப்பும் கல் உப்பு மூட்டையாகவே கிடைக்கிறதே?

சிங்காநல்லூர் சம்ப் (கோவை)

கல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல் நீரில் அதோடு மெக்னீசியம் லிட்டருக்கு 1280 மில்லிகிராம், கால்சியம் 410, அப்புறம் பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் ஒரு கணக்கில் இருக்கின்றன. உப்பளத்தில் காயும்போது மெக்னீசியம் கடைசித் தண்ணியோடு வடிந்து போய்விடுகிறது. மீன் கொஞ்ச நாள் தாங்கும், பவளம் தாங்காது. போர் தண்ணி நாக்குக்கு இனிப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருக்கலாம். எங்கள் சிறுவாணித் தண்ணி நல்ல மெல்லிய தண்ணிதான், அதிலும் குளோரின் போட்டுத்தான் குழாயில் வருகிறது. ஆகவே ஆர்ஓ, அதற்குப் பின்னால் டிஐ (மிச்ச அயனிகளையும் எடுக்கும் வடிகட்டி). நீங்கள் தனிப் பதிவு போடுங்க, வந்து சொல்கிறேன்.

நூல்கண்டு (திருப்பூர்)

வெட்டியாயிற்று. அண்ணா சொன்ன நறநற நிஜம்தான். கருத்த இடத்தில் பிளேடு வெண்ணெயில் போகிற மாதிரி போனது, ஒரு இடத்துக்கு அப்புறம் மணலை அறுக்கிற சத்தம் வந்தது. பிளேடின் மேல் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. தொப்பியில் கால்வாசி போய்விட்டது. வாளித் தண்ணி பழுப்பாகி வீடே நாறுகிறது, வீட்டில் கிடைத்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஃபேன் இரண்டும் மாட்டிவிட்டேன். லிக்விட் நிறுத்தியாயிற்று. வெட்டின பாகத்திலேயே ஒரு துண்டு நல்லதாக இருக்கிறது, இரண்டு விரல் அகலம், கருப்பே இல்லை. அதை என்ன செய்வது? ஃபெவிக்விக் போட்டுக் கல்லில் ஒட்டிவிடலாமா?

அலைமகள் (உடுமலை)

பசை நிற்காது தம்பி. லெதர் சளி விட்டுக்கொண்டே இருக்கும், சயனோஅக்ரிலேட் பசை அந்தச் சளியோடு உரிந்து வந்துவிடும். சின்னக் கல் துண்டின் மேல் அதை வெட்டுக்காயம் கீழே படும்படி வைத்து, மெல்லிய வலைத்துணியைத் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்க. திருப்பூரில் இருந்துகொண்டு நெட் துணி கிடைக்காது என்று சொல்ல மாட்டீர்கள். மருந்து தோய்த்த கொசுவலையாக மட்டும் இருக்கக் கூடாது, பழைய துணியானால் சோப்பில்லாமல் அலசிவிடுங்க. இறுக்கிக் கட்டினால் கட்டின இடமே அறுபடும். ஓட்டம் குறைவான மூலையில் வையுங்க, இரண்டு மூன்று வாரத்தில் தானே கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பின்னிங் மாஸ்டர் (பல்லடம்)

மாதாந்திர மின்தடை எந்த நாள் என்று பார்த்து வைத்தீர்களா? காலை 9க்குப் போனால் மாலைதான் வரும். சூடான தண்ணியில் ஆக்சிஜனே குறைவு, அதில் ஓட்டமும் நின்றால் ஆறிக்கொண்டிருக்கும் காயம் திரும்ப அழுகும். டிசி வேவ்மேக்கர் ஒன்றை வீட்டு இன்வெர்ட்டரில் கொடுத்துவிடுங்க, 10, 20 வாட்தான் இழுக்கும். ஃப்ரீசரில் தண்ணி பாட்டில் இரண்டு இருக்கட்டும், வெப்பம் 29ஐத் தாண்டினால் மட்டும் ஒன்றை மிதக்கவிடுங்க. ஒரேயடியாக இறக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு டிகிரி போதும்.

ப்ளூலைட் (ஈரோடு)

சட்டம் புரிந்தது, விட்டுவிடுவோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். லைட்டை நன்றாக ஏற்றுங்க, அமினோ ஆசிட் தினமும் ஊற்றுங்க. சாப்பாடு இல்லாமல் எப்படி ஆறும்?

சிங்காநல்லூர் சம்ப் (கோவை)

இரண்டுமே வேண்டாம் என்பேன். லெதரின் சதைக்குள் இருக்கும் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசிதான் ஒளியை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. சூட்டிலும் காயத்திலும் அந்தப் பாசி ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒளியை ஏற்றினால் பாசிக்குள் ஆக்சிஜன் நச்சாக மாறும், பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். வெளுப்பது என்பது இதுதான். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததும் இப்படித்தான். லைட்டை இருக்கிற அளவிலிருந்து கால்வாசி குறைத்துவிட்டு, பாலிப் (பூ மாதிரி விரியும் சின்ன உயிர்கள்) வெளியே வந்த பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்க.

அமினோ இப்போது போனால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. வாரம் ஒருமுறை 15 சதவீதம் தண்ணி மாற்றுங்க, புதுத் தண்ணியின் உப்பும் வெப்பமும் டேங்கோடு ஒத்திருக்கட்டும். மற்றபடி தினமும் கையை விட்டு அதைத் திருப்பிப் பார்க்காதீங்க. இந்தப் பொழுதுபோக்கில் நோயால் செத்த லெதரைவிட நலம் விசாரித்தே செத்த லெதர் அதிகம் என்பது என் கணிப்பு.

அடையாறு உப்பு (சென்னை)

ஃபேன் எவ்வளவு இறக்கியது? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

மதியம் 27.8. உப்பு 1.025க்கு வந்துவிட்டது. ஆர்ஓ தண்ணி தூக்கித் தூக்கித் தோள்தான் வலிக்கிறது.

பவளத்தில் இன்னும் ஒரு அசைவும் இல்லை. வெட்டின இடம் உள்பக்கமாகச் சுருண்டு, உதடு மடித்த மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது. மேலே பளபளவென்று ஏதோ படர்ந்திருக்கிறது. வாடை இல்லை.

அலைமகள் (உடுமலை)

அது நான் சொன்ன படலம். இப்போதுதான் பிளேடைக் கீழே வைக்கும் நேரம். சிரிஞ்சில் லேசாகத் தண்ணி பீச்சி உரிய விடுங்க, விரலால் உரிக்காதீங்க.

கறிவேப்பிலை (கோபி)

அந்த அர்ச்சினை என்ன செய்தீங்க?

நூல்கண்டு (திருப்பூர்)

அவர் ஜாலியாகப் பாசி மேய்கிறார். கல்லையெல்லாம் இறக்கி, அடிக்கல் மூன்றையும் மணலுக்குக் கீழே கண்ணாடியிலேயே உட்கார வைத்து, மேலே உள்ளதை எபாக்ஸி புட்டியில் பூட்டிவிட்டேன். இனி உருட்ட முடியாது.

சிங்காநல்லூர் சம்ப் (கோவை)

நல்ல வேலை. மணல் மேல் கல்லை அடுக்கினால் அர்ச்சின் இல்லாவிட்டாலும் மணலைக் குடையும் கோபி மீன் ஒருநாள் சரித்துவிடும். (கோபி ஊர்க்காரரைச் சொல்லவில்லை.)

நூல்கண்டு (திருப்பூர்)

இன்றைக்குக் காலையில் படலம் முக்கால்வாசி உரிந்து போய்விட்டது. தண்டுக்குப் பக்கத்தில், தொப்பியின் நடுவில், முதலில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் எட்டுக் கையுள்ள ஒரு பாலிப், ஒவ்வொரு கையின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்ன இழைகள். ஓரத்துப் பக்கம் இன்னும் மூடித்தான் இருக்கிறது, வெட்டின இடத்தில் புது விளிம்பு வெளிர் மஞ்சளாக வருகிறது. துண்டு போட்டிருந்தேனே, அதுவும் கல்லைப் பிடித்துவிட்டது, வலையை அவிழ்த்தாயிற்று.

ப்ளூலைட் (ஈரோடு)

அப்படியானால் அந்தத் துண்டு எனக்கு. பில் இல்லாத எதையும் வாங்க மாட்டேன், இது பரிசு என்று எழுதியே கொடுத்துவிடுங்க.

அலைமகள் (உடுமலை)

நான் வலை கட்டச் சொன்னதால்தான் அது பிழைத்தது. வரிசையில் நான் முதல்.

நூல்கண்டு (திருப்பூர்)

அக்காவுக்குத்தான். ஈரோட்டுக்கு அடுத்த துண்டு, தொப்பி பெரிதானதும் நல்ல சதையிலேயே வெட்டித் தருகிறேன். ஆனால் இப்போதைக்கு இரண்டு பேருமே வராதீங்க. வெயில் குறையட்டும், ஆனியில் பாலக்காட்டுக் காற்று வீச ஆரம்பித்தவுடன் சொல்கிறேன். வரும்போது தெர்மாக்கோல் பெட்டி கொண்டு வாங்க, லெதருக்கென்று தனிப் பை, வேறு எதோடும் சேர்த்துப் போடக் கூடாது. பஸ்ஸில் என்ஜின் பக்கம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளணும்.